ஐந்நூற்று எழுபது

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இருபத்திரண்டு வருஷமாக விடைத்தாள் திருத்துகிறேன். முப்பத்து மூன்று வாங்கியவனை முப்பத்தைந்துக்குத் தள்ளிவிடுவது எங்கள் தொழிலில் தப்பே கிடையாது. சூத்திரத்தைச் சரியாக எழுதிவிட்டு அப்புறம் கோட்டைவிட்டவனுக்கு ஒரு மார்க், படம் போட முயற்சியாவது செய்தானே என்று அரை மார்க். தலைமையாசிரியருக்கும் தெரியும், பெற்றவர்களுக்கும் தெரியும். எழுதினவன்தான் தானாகவே தேறிவிட்டதாக நினைத்துக்கொண்டு போவான். இந்தப் பழக்கத்தைப் பள்ளிக்கூடத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

என் மனைவி ஒரு பெரிய மருத்துவமனையில் மருந்துக் கிடங்குக்குப் பொறுப்பாளர். பதினாறு வருஷ வேலை. எந்த அலமாரியில் எந்த ஊசி மருந்து எத்தனை பாக்கி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அங்கே துணை நிர்வாகி பதவி காலியாகப் போகிறது என்று பேச்சு வந்தது. கூடவே, அந்தப் பதவிக்கு நிர்வாக மேற்படிப்பு வேண்டும் என்று ஒரு விதியும் வந்தது. பெரிய நிர்வாகி இவளைக் கூப்பிட்டார்.

"படிச்சு முடிக்கறவரைக்கும் காத்திருக்க வேண்டாம்மா. மாலை நேரக் கல்லூரியில இடம் கெடச்சிருக்குன்னு கடிதம் மட்டும் கொண்டு வாங்க. அதுவரைக்கும் யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன்."

அந்தக் கல்லூரியில் சேர ஒரு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எண்ணூறுக்குக் குறைந்தது ஐந்நூற்று ஐம்பது. முதல் தடவை மூன்று வாரம் புத்தகத்தைப் புரட்டிவிட்டுப் போய் எழுதினாள். நானூற்று முப்பது வந்தது.

வீட்டுக்கு வந்தவள் நேராகக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் அழுகை வெளியே கேட்காது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. கல்யாணமான நாளிலிருந்து இதே ஏற்பாடுதான். எனக்கு நன்றாகவே கேட்கும். அன்றைக்குப் பார்த்து அவளுடைய அண்ணன் வேறு போன் பண்ணி, "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா பரீட்சையும் கிரீட்சையும்" என்று தன் பங்குக்கு ஒரு கொள்ளி வைத்தார். மறுபடியும் குழாய் திறந்தது.

அழுதால் அழுது முடித்துவிடுகிற ஆள் அவள். மறுநாள் பழைய புத்தகக் கடையிலிருந்து தலையணை கனத்துக்கு ஒரு புத்தகத்தோடு வந்தாள். பத்து மாதிரித் தேர்வுகள். பின்னால் விடைகள், அதற்கும் பின்னால் இத்தனை சரி என்றால் இத்தனை மதிப்பெண் என்று ஓர் அட்டவணை. விடைப் பக்கங்களை மொத்தமாகக் கிழித்து என்னிடம் கொடுத்தாள்.

"இத நீங்க வச்சுக்கோங்க. என்கிட்ட இருந்தா கண்ணு சும்மா இருக்காது. நான் எழுதறேன், நீங்க திருத்துங்க. எது தப்புன்னு மட்டும் காட்டுங்க. ஏன் தப்புன்னு நானே கண்டுபிடிச்சுக்கறேன். அப்பதான் மண்டையில நிக்கும்."

"சரி."

"பாவ புண்ணியம் பாக்காம திருத்துங்க."

"நானா பாவம் பாக்கறவன்?" என்றேன். உண்மையில் எனக்குப் பெருமையாக இருந்தது. இருபது வருஷத்தில் அவள் என் தொழிலைக் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை.

வாரநாட்களில் விடிவதற்கு முன் எழுந்து பாடம் படித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு, கடிகாரத்தை எதிரில் வைத்து உட்கார்ந்துவிடுவாள். மூன்று மணி நேரம் வீட்டில் துணி துவைக்கிற இயந்திரம்கூட ஓடக் கூடாது. நான் கால் விரலில் நடப்பேன்.

அந்தத் தேர்வில் ஒரு வகைக் கேள்வி உண்டு. கணக்கைக் கொடுத்து, இரண்டு தகவல்களையும் கொடுப்பார்கள். விடையைக் கண்டுபிடிக்க வேண்டாம். முதல் தகவல் மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, இரண்டும் சேர்ந்தால் போதுமா, சேர்ந்தாலும் போதாதா என்று சொன்னால் போதும். அவளுக்கு அதுதான் சனி. கிடங்கில் எதையும் எண்ணி முடிக்காமல் விடாதவள், இங்கேயும் கடைசிவரை போட்டு விடையைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் நகர்வாள். நேரமெல்லாம் அதிலேயே போய்விடும்.

முதல் மாதிரித் தேர்வை யோக்கியமாகத் திருத்தினேன். நானூற்று நாற்பது. தாளை வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் குழாய் திறந்தது.

இரண்டாவது ஞாயிறு நானூற்று ஐம்பது வந்திருக்க வேண்டும். சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு தாளையே பார்த்தேன். கை பழக்கதோஷத்தில் ஆறேழு தப்புகளுக்குச் சரி போட்டது. கை போட்டது என்று சொல்கிறேன் பாருங்கள், போட்டது நான்தான். நானூற்றுத் தொண்ணூறு என்று எழுதிக் கொடுத்தேன். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும், நாமும் ஒரு நல்ல காரியம் செய்தோம் என்று நினைத்துக்கொண்டேன். அன்று அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே துணி மடித்தாள். எனக்கும் நிம்மதியாகத் தூங்க முடிந்தது. அந்த நிம்மதிக்காகத்தான் செய்தேன் என்று இன்றைக்குத் தெரிகிறது.

மூன்றாவதிலும் அப்படியே. நான்காவது வந்தபோது அரையாண்டுத் தேர்வுத் தாள்கள் நூற்று எண்பது என் தலையில் விழுந்திருந்தன. எப்படியும் உண்மையான மதிப்பெண்ணைச் சொல்லப்போவதில்லை, அப்புறம் விடையைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. விடைப் பக்கங்களை வெளியே எடுக்கவே இல்லை. கண்ணில் பட்ட இடத்தில் சரி, நம்பும்படியாக இருக்கட்டும் என்று அங்கங்கே பதினைந்து இருபது தப்பு. ஐந்நூற்று ஐம்பது என்று வட்டம் போட்டேன். அதற்குப் பிறகு எல்லா வாரமும் அதுதான். ஐந்நூற்று எண்பது, அறுநூறு, அறுநூற்று இருபது. ஏணி வைத்து ஏற்றினேன்.

ஆறாவதோ ஏழாவதோ, ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். இரண்டு இயந்திரங்கள் சேர்ந்து ஒரு வேலையை எத்தனை மணி நேரத்தில் முடிக்கும் என்கிற மாதிரிக் கணக்கு.

"இது ஏங்க தப்பு? நாலு தடவ போட்டுப் பாத்துட்டேன். ரெண்டாவது தகவல் மட்டுமே போதும்னுதான் வருது."

நான் தாளைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. "புத்தகத்துல ரெண்டும் சேந்தாதான் போதும்னு போட்டிருக்கு" என்றேன்.

"அப்ப என் புத்திதான் மழுங்கிப்போச்சு" என்று சிரித்துக்கொண்டே போனாள். வாத்தியார் வீட்டில் வாத்தியார் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்.

பத்தாவது தாளில் அறுநூற்று எண்பது போட்டேன். அன்று அவள் பெரிய நிர்வாகியிடம் போனில், "வீட்ல எழுதிப் பாத்தா அறுநூத்தி எண்பது வருதுங்க சார்" என்று சொன்னது சமையலறையில் நின்றிருந்த என் காதில் விழுந்தது. என் மனசுக்குள் அவள் இன்னமும் நானூற்று ஐம்பதிலேயே உட்கார்ந்திருந்தாள். தேர்வுக்கு ஆறு நாள்தான் பாக்கி. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்வதற்குப் பதிலாகத் தப்பிக்க வழி தேடினேன்.

அந்தத் தேர்வில் ஒரு வசதி உண்டு. எழுதி முடித்ததும் மதிப்பெண் திரையில் வரும். வைத்துக்கொள்ளலாம், அல்லது ரத்து செய்யலாம். ரத்து செய்தால் அந்தத் தேர்வே எழுதாத மாதிரி. திரும்ப வாங்க முடியாது.

"அறுநூறுக்குக் கீழ வந்தா யோசிக்காம ரத்து பண்ணிடு" என்றேன். "உன் தரத்துக்கு அது அசிங்கம். முதல்ல வாங்கினது ஒன்னு போதாதா, இன்னொன்னும் மார்க் பட்டியல்ல நிக்கணுமா."

நானூற்றுச் சொச்சம் வாங்கப்போகிறாள், அதைத் துடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் போகும், ஏதோ அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று பேசிக்கொள்ளலாம். இதுதான் என் திட்டம். அவளோ என் வார்த்தையை அப்படியே மனசில் வாங்கிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை மத்தியானம் வந்தாள். செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்தாள். குளியலறைக்குப் போகவில்லை. எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஐநூத்தி எழுபது. ரத்து பண்ணிட்டேன்."

"எவ்வளவு?"

"ஐநூத்தி எழுபதுங்க. ரெண்டு நிமிஷம் குடுத்தாங்க. வச்சுக்கலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். கல்லூரி கேக்கறது ஐநூத்தி ஐம்பதுதானே. அப்பறம் நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. வீட்ல அறுநூத்தி எண்பது வாங்கறவ இத எடுத்துட்டுப் போய் நீட்டவான்னு அழுத்திட்டேன்."

அவளே தொடர்ந்தாள். மறுபடி எழுத வேண்டுமானால் பதினாறு நாள் இடைவெளி வேண்டும். கல்லூரி விண்ணப்பத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. இது இரண்டும் அவளுக்கு வெளியே வந்து பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் சேர்ந்து உறைத்திருக்கிறது. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நூறு மார்க்குக்கு மேல எங்கங்க போச்சு?" என்று கேட்டாள். "கை நடுங்கல, வேர்க்கல. நல்லாதான் எழுதினேன். ஆனா எனக்குத் தெரியாம உள்ள ஏதோ பயம் இருக்கு போல."

ஏதோ சொல்லி மழுப்பினேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் மூன்றாவது பாடவேளை எனக்கு ஓய்வு. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, அவளுடைய பத்துத் தாள்களையும் விடைப் பக்கங்களையும் பரப்பினேன். பென்சிலால் முதன்முறையாகத் திருத்தினேன். நான்காவது தாள், நானூற்று எண்பது. ஐந்தாவது, நானூற்றுத் தொண்ணூறு. ஐந்நூறு. ஐந்நூற்று இருபது. ஐந்நூற்று முப்பது. ஒன்பதாவதில் ஐந்நூற்று ஐம்பது. பத்தாவதில் ஐந்நூற்று அறுபது. தேர்வு அறையில் அதற்கும் மேலே பத்து.

ஒரு மதிப்பெண்ணும் எங்கேயும் போகவில்லை. வாரா வாரம் படி ஏறியிருக்கிறாள். நான் அதைப் பார்க்கவே இல்லை. அதுகூடப் பரவாயில்லை. நான் குத்துமதிப்பாகத் தப்பு போட்ட கேள்விகளில் ஐம்பத்தெட்டு சரியான விடைகள். ஐம்பத்தெட்டு இடத்தில், சரியாகப் போட்டதை வைத்துக்கொண்டு அதில் இல்லாத தப்பை விடியற்காலையில் உட்கார்ந்து தேடியிருக்கிறாள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

பக்கத்து மேஜையில் வரலாற்று ஆசிரியர். அவரை நாங்கள் வரலாறு என்றே கூப்பிடுவோம். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். சொன்னேன். பாதியைத்தான் சொல்வதாக இருந்தேன், முழுசும் வந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நம்ம பசங்களுக்கு ரெண்டு மார்க் போடறோம்னா, அதோட அந்தப் பாடத்துக்கும் அவனுக்கும் உறவு முடிஞ்சுது. அவங்க அப்படியா? அதே பரீட்சைக்கு மறுபடியும் போகப்போறவங்க."

"தெரியுது."

"தெரிஞ்சா இங்க ஏன்யா உக்காந்திருக்க?"

சாயங்காலம் மருத்துவமனைக்குப் போனேன். கிடங்கு கீழ்த்தளத்தில், இரும்புக் கதவுக்குப் பின்னால் இருந்தது. ஒரு நர்ஸ் அவசரமாக நின்றுகொண்டிருந்தார். என் மனைவி ஒரு சின்னப் பெட்டியைத் திருப்பித் தேதியைப் பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்தாள்.

"நேத்தோட முடிஞ்சுது. இத குடுக்க முடியாது. வேற கம்பெனி மருந்து இருக்கு, டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிட்டு வாங்க."

"ஒரு நாள்தானக்கா. ஒன்னும் ஆகாது. திரும்ப மூணு மாடி ஏறணும்."

"தெரியும்மா. ஏறிட்டு வாங்க, எடுத்து வைக்கறேன்."

கடுப்பாகவும் இல்லை, கெஞ்சலாகவும் இல்லை. நர்ஸ் போய்விட்டார். நான் ஏதோ அலமாரியின் பின்னால் ஒளிந்து நிற்கிற திருடன் மாதிரி நின்றேன்.

வேலை முடிந்து இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம். பெஞ்சில் உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினாள்.

"நம்ம டாக்டர்கிட்ட கேட்டேன். பரீட்சை பயம் சில பேருக்கு வெளிய தெரியாதாம். படபடப்புக்கு மாத்திரை எழுதிக் குடுத்திருக்காரு. தெனம் ஒன்னு. அடுத்த வருஷத்துக்குள்ள சரியாயிடும்னு சொன்னாரு."

பதினாறு வருஷமாக மாத்திரைகளுக்கு நடுவில் இருப்பவள், தலைவலிக்குக்கூட ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்ள மாட்டாள். என் பொய்க்கு மருந்து சாப்பிடத் தயாராக இருந்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"உனக்கு பயம் எதுவும் இல்ல. மாத்திரை வேண்டாம்" என்று ஆரம்பித்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஒரு பேருந்து வந்து போனது. எங்களுடையதுதான். அவள் எழுந்திருக்கவில்லை.

"எத்தன தாள்ல?" என்று கேட்டாள்.

"ஒன்பதுல. முதல் தாள் மட்டும் சரியா திருத்தினேன்."

"நீங்க தப்பு போட்டதுல, நான் சரியா போட்டது எத்தன?"

"ஐம்பத்தெட்டு."

"அந்த ரெண்டு இயந்திரக் கணக்கு?"

"நீ சொன்னதுதான் சரி."

ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள்: "அதே மாதிரி ஒன்னு அங்க வந்துச்சு. எனக்கு வந்த விடைய விட்டுட்டு, மாத்திப் போட்டேன்."

"நீ அழறத என்னால பாக்க முடியல" என்றேன். சொல்லும்போதே அது நொண்டிச் சாக்காகக் கேட்டது.

"அழுதா என்னங்க? நானூத்தி நாப்பதுக்கு அழுதேன். அடுத்த வாரம் உக்காந்து எழுதலையா? நான் அழறது எனக்கு ஒன்னும் கஷ்டமா இல்ல. உங்களுக்குத்தான் கஷ்டமா இருந்திருக்கு."

கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"சரி, மார்க்க ஏத்திப் போட்டீங்க. ரத்து பண்ணச் சொன்னது எதுக்கு?"

இந்தக் கேள்வி வரக் கூடாது என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். எதையாவது பூசி மெழுகியிருக்கலாம். அதற்கும் மனசு வரவில்லை.

"நீ ஐநூறத் தாண்டுவேன்னு நான் நெனைக்கல."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை. அந்த இடத்தில் அழுதிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மருந்துச் சீட்டை நாலாக மடித்துக் கிழித்துத் தொட்டியில் போட்டாள். அடுத்த பேருந்து வந்ததும் ஏறினாள். இரண்டு பேர் உட்காரும் இருக்கை காலியாக இருந்தது. அதைத் தாண்டிப் போய், முன்னால் யாரோ ஒரு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்து விடைப் பக்கங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்கக் கிடைத்த நேரத்தில் பத்துத் தாள்களையும் தானே திருத்தினாள். என் சிவப்பு வட்டத்தை அடிக்கவில்லை. பக்கத்தில் நீல மையில் சரியான எண்ணை எழுதினாள். பத்தாவது தாளில் ஐந்நூற்று அறுபது என்று எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தேநீர் போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். ஆறிப்போனது.

துணை நிர்வாகி பதவி வேறொருவருக்குப் போனது. கிடங்கு விவரம் எதுவும் அவருக்குத் தெரியாது, தினமும் இவளிடம்தான் கேட்டுக்கொண்டு போகிறார். அண்ணன் போன் பண்ணி, "நான் அப்பவே சொன்னேன்ல" என்றபோது அவள் என்னைக் காட்டிக்கொடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். "ரத்து பண்ணது நான்தாண்ணா" என்று மட்டும் சொன்னாள். அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

என்னோடு பேசாமல் இல்லை. அரிசி தீர்ந்துவிட்டது, மின்கட்டணத்துக்குக் கடைசி நாள், உங்கள் சட்டையில் பித்தான் இல்லை, எல்லாம் பேசினாள். பரீட்சை பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. புதிதாக ஒரு புத்தகம் வாங்கினாள். விடைப் பக்கங்கள் அதிலேயே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை எழுதுவாள், தானே திருத்துவாள், மூடி வைப்பாள். சில நாள் முகம் தொங்கிப்போயிருக்கும், சில நாள் இருக்காது. எந்த நாள் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் குழாய் திறந்த சத்தம் கேட்டது. நான் கதவருகே போகாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது.

அடுத்த வருஷம் ஒரு சனிக்கிழமை, "வெளிய போயிட்டு வரேன்" என்று கிளம்பினாள். எங்கே என்று இரண்டு பேருக்கும் தெரியும். மத்தியானம் வந்து வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டாள். ஒரு மாதம் கழித்துக் கல்லூரியிலிருந்து உறை வந்தது. அவள் பெயருக்கு வந்ததை நான் பிரிக்கவில்லை. வேலையிலிருந்து வந்து பிரித்தாள், படித்தாள், என்னிடம் நீட்டினாள். இடம் கிடைத்திருந்தது. மதிப்பெண் அதில் இல்லை.

எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அவளும் சிரித்தாள். அந்தத் தைரியத்தில் வாயைத் திறந்துவிட்டேன்.

"எவ்வளவு வந்துச்சு?"

கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, மடிப்பு கலையாமல் உறைக்குள் வைத்தாள். கோபமே இல்லை அவள் குரலில்.

"நீங்களே ஒன்னு போட்டுக்கோங்க" என்றாள்.